கிரேக்கப் பானையின் கருப்பு: சாயமல்ல, புகையுமல்ல, கிளேஸுமல்ல

பண்டைய கிரேக்கம் என்றதும் பளிங்குத் தூண்களுக்கு அடுத்து நம் நினைவுக்கு வருபவை அந்தப் பானைகள்தான். ஆரஞ்சு கலந்த சிவப்பு உடம்பு, கண்ணாடிபோல் மின்னும் கருப்பு, நடுவே ஈட்டி பிடித்த வீரனோ சிங்கத்தின் கழுத்தை நெரிக்கும் புராண வீரன் ஹெராக்ளிஸோ இருப்பார்கள். இவற்றைப் பற்றி எழுதும்போது "கருப்பு வண்ணம் பூசி", "கருப்பு கிளேஸ் போட்டு", "சிவப்பில் உருவங்கள் வரைந்து" என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறோம். மூன்றும் தவறு.

ஏதென்ஸ் நகரப் பட்டறையில் தூரிகை பிடித்தவரின் கிண்ணத்தில் கருப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை. பானையை எந்த மண்ணில் வனைந்தார்களோ அதே வகை மண்ணை நீர்க்கக் கரைத்து வடித்த குழம்புதான் அவர் கையில் இருந்தது. பூசும்போது அது மங்கிய செம்பழுப்பாகத்தான் தெரியும். அதைக் கருப்பாக்கியது சூளை. இன்னும் சரியாகச் சொன்னால், சூளைக்குள் காற்றை எப்போது விடுவது, எப்போது அடைப்பது என்ற கணக்கு. இந்த ஒன்று புரிந்துவிட்டால், ஏன் சில பானைகளில் உருவம் கருப்பு, சிலவற்றில் சிவப்பு, ஏன் சில இடத்தில் தேன் நிறக் கோடு, ஏன் சில கிண்ணங்களின் நடுவில் அசிங்கமான சிவப்பு வளையம் என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

இங்கே பேசப்போவது முக்கியமாக கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளில் ஏதென்ஸில் செய்த கலங்களைப் பற்றி.

கருப்பு எது இல்லை

சாயம் என்றால் நிறப்பொடியை ஏதோ ஒரு பசையில் குழைத்து, முடிந்த பொருளின்மேல் தடவுவது. அது உதிரும், நாளானால் பொரிந்து போகும். இந்தக் கருப்போ 2,500 ஆண்டுகள் கல்லறை மண்ணுக்குள் கிடந்தும் பளபளப்பு குறையாமல் வெளிவந்திருக்கிறது.

புகைக்கரியும் அல்ல. பானையில் ஏறிய கரி, காற்றோட்டமான நெருப்பில் மறுபடி வைத்தால் எரிந்துபோய்விடும். கிரேக்கச் சூளையின் கடைசிக் கட்டமே காற்றோட்டமான நெருப்புதான். அதையும் தாண்டி வந்த கருப்பு இது.

கிளேஸ் என்பது கண்ணாடிப் பூச்சு. மணலோடு ஈயமோ சோடாவோ சேர்த்து, சூட்டில் முழுக்க உருக்கிக் கண்ணாடியாக்குவது. ஏதென்ஸ் கருப்பில் அப்படி வெளியிலிருந்து சேர்த்த கண்ணாடிப் பொருள் கிடையாது. அது வெறும் மண், பாதி உருகி இறுகிய மண். ஆங்கில நூல்களே வெகுகாலம் இதைக் கிளேஸ் என்று எழுதிவந்ததால் நம்மிடமும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது.

சரி, மண் எப்படி ஒரே பானையில் ஓரிடத்தில் சிவந்தும் அதையொட்டிக் கருத்தும் நிற்கும்? கோடைக்கு வாங்கும் மண்பானையையும் பளபளப்பான ஊறுகாய் ஜாடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பானை வியர்க்கிறது. அதன் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள், அவற்றின் வழியே தண்ணீர் கசிந்து வெளியே ஆவியாகிறது. ஜாடி வியர்ப்பதில்லை, அதன் மேற்பரப்பு அடைபட்டிருக்கிறது. கிரேக்கக் கலத்தில் இந்த இரண்டு பரப்பும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. சிவந்த பகுதி துளையுள்ளது, கருத்த பகுதி அடைபட்டது. இப்போது தண்ணீரை மறந்துவிட்டுக் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். சூளையின் கடைசிக் கட்டத்தில் காற்று துளையுள்ள பகுதிக்குள் புகுந்து அதைச் சிவக்க வைக்கிறது. அடைபட்ட பகுதிக்குள் அதனால் புக முடிவதில்லை.

இரும்பின் இரண்டு நிறங்கள்

ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகா பகுதிக் களிமண்ணில் இரும்பு அதிகம். நிறத்தைத் தீர்மானிப்பது அந்த இரும்புதான்.

இரும்புக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் ஹெமடைட் என்ற சிவப்பு ஆக்சைடு உருவாகும். அதில் இரண்டு இரும்பு அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு. செங்கல் சிவப்பாக இருப்பதும் இதனால்தான். ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டால் மேக்னடைட் என்ற கருப்பு ஆக்சைடாக மாறும். அதில் மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன். கணக்கில் சிறு வித்தியாசம்தான், நிறத்திலோ சிவப்புக்கும் கருப்புக்கும் உள்ள தூரம். இந்த மாற்றம் இரு பக்கமும் நடக்கும். சிவப்பைக் கருப்பாக்கலாம், கருப்பைத் திரும்பச் சிவப்பாக்கலாம்.

இரண்டு சொற்களை இங்கேயே தெரிந்துகொள்வோம். சூளைக்குள் காற்று தாராளமாக ஓடி, விறகு முழுசாக எரியும் நிலை ஆக்சிஜனேற்ற நிலை. காற்றை அடைத்துவிட்டால் விறகு அரைகுறையாக எரியும், கார்பன் மோனாக்சைடு கிளம்பும். ஆக்சிஜனுக்கு ஏங்கும் அந்த வாயு, மண்ணிலுள்ள இரும்பிடமிருந்தே அதைப் பறித்துக்கொள்ளும். அது ஒடுக்க நிலை.

குழம்பு எப்படித் தயாரானது

குயவர் வனையும் மண்ணுக்கும் ஓவியர் பூசும் மண்ணுக்கும் முக்கிய வேறுபாடு துகளின் பருமன். வனையும் மண்ணையே கல்லும் வேரும் போகக் கரைத்துத் தெளியவைத்து எடுப்பார்கள். பூசும் குழம்புக்கு அது போதாது, இன்னும் பலமடங்கு நுண்மையாக வேண்டும்.

களிமண்ணை நிறையத் தண்ணீரில் கரைத்து விட்டுவைத்தால் பருமணல் சில நிமிடங்களில் அடியில் தங்கும், நுண்மணல் பிறகு. மிக நுண்ணிய துகள்கள் மட்டும் நாள்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். ஆனால் களிமண் துகள்களுக்கு ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் குணம் உண்டு. திரண்டால் நுண்துகளும் கனமாகிக் கீழே போய்விடும். அதைத் தடுக்கக் கரைசலில் கொஞ்சம் காரம் சேர்க்க வேண்டும். விறகுச் சாம்பலை ஊறவைத்து வடித்த நீரே போதும். இன்று சோதனை செய்பவர்கள் அதற்குப் பதில் சோடியம் பாஸ்பேட் வகை உப்பைப் போடுகிறார்கள்.

தெளிவுக்கும் வண்டலுக்கும் இடையே மிதக்கும் மெல்லிய கலங்கலை மட்டும் அலுங்காமல் இறுத்து எடுத்து, தண்ணீர் வற்றும்வரை வைத்தால் பாலாடைப் பதத்தில் ஒரு குழம்பு மிஞ்சும். அதிலுள்ள துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிடச் சிறியவை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வடிக்கும்போது சுண்ணாம்புச் சத்துள்ள பருமனான துகள்கள் போய்விடுகின்றன, இரும்பும் பொட்டாசியமும் விகிதத்தில் கூடிவிடுகின்றன. பொட்டாசியம் கூடினால் மண் உருகத் தொடங்கும் வெப்பநிலை இறங்கும். குழம்பு பூசிய இடம் பானையின் உடம்பைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகி இறுகுவதன் காரணம் இதுதான்.

பளபளப்புக்குக் காரணம் வேறு. இந்த நுண்துகள்கள் உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்கின்றன. பூசி உலரும்போது அவை படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்கின்றன. சுட்டு முடித்த கருப்புப் படலத்தின் கனம் சுமார் 20 மைக்ரான், தலைமுடியின் பருமனுக்கும் குறைவு.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பானைக்கும் பூச்சுக்கும் மண் ஒன்று, இரும்பும் ஒன்று. பூச்சில் துகள் நுண்ணியது, அதனால் அது சீக்கிரம் உருகி அடைபடும்.

சூளைக்குள் மூன்று கட்டங்கள்

கிரேக்கச் சூளை கீழே நெருப்பும் மேலே கலங்களும் கொண்ட குவிமாட அமைப்பு. பக்கவாட்டில் விறகு தள்ள நீண்ட வாய், உள்ளே நடுத்தூணின்மேல் துளைகள் இட்ட தளம், அதன்மேல் அடுக்கிய கலங்கள், உச்சியில் ஒரு போக்கி. வாயையும் போக்கியையும் திறந்து மூடித்தான் காற்றைக் கட்டுப்படுத்த முடியும். இது ஊகமில்லை. கொரிந்து நகருக்கு அருகே பெந்தெஸ்கூஃபியா என்ற இடத்தில் கிடைத்த கி.மு. 6ஆம் நூற்றாண்டுச் சுடுமண் பலகைகளில் சூளையும் அதைக் கவனிக்கும் குயவரும் ஓவியமாகவே இருக்கிறார்கள். ஒன்றில் சூளையைக் குறுக்கே வெட்டியதுபோல் உள்ளிருக்கும் கலங்களையும் காட்டியிருக்கிறார்கள்.

முதல் கட்டம், வாயும் போக்கியும் திறந்திருக்கும். மெதுவாகச் சூடேற்றி சுமார் 800 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோக வேண்டும். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மண்ணுக்குள் மிச்சமிருக்கும் ஈரம் சட்டென்று நீராவியானால் கலம் வெடிக்கும். இக்கட்டத்தின் முடிவில் எல்லாமே சிவப்பு. உடம்பும் சிவப்பு, பூச்சும் சிவப்பு. இத்தோடு நிறுத்தி வெளியே எடுத்தால் சிவப்பின்மேல் சிவப்பாக, அருகில் வந்தால்தான் தெரியும் ஓர் ஓவியம் கிடைக்கும்.

இரண்டாம் கட்டத்தில் போக்கியை அடைத்து, பச்சை விறகையோ ஈர விறகையோ உள்ளே தள்ளி வாயையும் மூடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடு நிறைகிறது. வெப்பநிலை 900 முதல் 950 டிகிரி வரை ஏறுகிறது. இப்போது பானை முழுக்கக் கருப்பும் சாம்பலுமாக மாறிவிடும், பூச்சு பூசாத இடமும் சேர்த்துத்தான். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. நுண்துகள் பூச்சு உருகத் தொடங்கி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மேற்பரப்பு அடைபடுகிறது. உடம்போ பருமனான துகள்களும் சுண்ணாம்பும் உள்ள மண் என்பதால் இந்தச் சூட்டில் துளைகளோடு அப்படியே நிற்கிறது. கருப்பு நிறத்திலிருக்கும்போதே பூச்சு பூட்டப்பட்டுவிட்டது.

மூன்றாம் கட்டம், சூட்டை 900க்குக் கீழே இறங்கவிட்டுக் காற்றை மறுபடி திறப்பது. ஆக்சிஜன் துளையுள்ள உடம்புக்குள் நுழைந்து மேக்னடைட்டைத் திரும்ப ஹெமடைட் ஆக்குகிறது. உடம்பு சிவக்கிறது. பூச்சுக்குள் நுழைய வழியில்லை, அது கருப்பாகவே இருந்துவிடுகிறது.

ஆக, ஒரே சூளையில் மூன்று முறை நிறம் மாறுகிறது: எல்லாம் சிவப்பு, எல்லாம் கருப்பு, பிறகு பாதி மட்டும் திரும்பச் சிவப்பு. இதை நவீன காலத்தில் செய்துகாட்டி விளக்கியவர் தியோடோர் ஷூமான் என்ற ஜெர்மன் வேதியியலாளர், 1942இல். அதற்குமுன் இருநூறு ஆண்டுகளாக எதையெதையோ கலந்து பார்த்துத் தோற்றவர்கள் பலர், காரணம் கருப்பை ஒரு பொருளாகத் தேடினார்கள். அண்மைக்கால ஆய்வுகள் சில கலங்கள் ஒரே சூட்டில் முடியாமல் இரண்டாம் முறையும் சூளைக்குப் போயிருக்கலாம் என்கின்றன. அடிப்படை வேதியியல் அதனால் மாறவில்லை.

எங்கே கெட்டுப்போகும்

வெப்பமானி இல்லாத காலம். 50 டிகிரி கூடினாலோ குறைந்தாலோ ஒரு சூளைச் சரக்கே வீணாகும். அதற்குக் குயவர்கள் வைத்திருந்த தந்திரம் எளிமையானது. பூச்சு தடவிய ஓட்டுத் துண்டில் ஓர் ஓட்டை போட்டு, சூளையின் பார்வைத் துளைக்கு அருகில் வைத்துவிடுவார்கள். வேண்டும்போது கம்பிக் கொக்கியால் ஒன்றை வெளியே இழுத்துப் பார்த்து, பூச்சு அடைபட்டுவிட்டதா என்று முடிவு செய்வார்கள். இப்படிப்பட்ட சோதனைத் துண்டுகள் ஏதென்ஸிலும் கொரிந்திலும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன.

அருங்காட்சியகத்தில் நிற்பவை எல்லாம் குறையற்றவை என்று நினைக்க வேண்டாம். குறைகளைப் படிக்கத் தெரிந்தால் சூளைக்குள் என்ன நடந்தது என்றே சொல்லிவிடலாம்.

கருப்பு இருக்க வேண்டிய இடம் செம்பழுப்பாக இருந்தால், ஒன்று சூடு போதவில்லை, பூச்சு சரியாக அடைபடாமல் மூன்றாம் கட்டத்தில் காற்று உள்ளே போய்விட்டது. அல்லது அங்கே பூச்சு மெல்லியதாக விழுந்துவிட்டது. தூரிகை வரிகள் பழுப்பாகத் தெரியும் பல இடங்களில் இரண்டாவதுதான் காரணம்.

உடம்பு சிவக்காமல் சாம்பலாகவே நின்றால் மூன்றாம் கட்டம் போதவில்லை, அல்லது சூடு மிதமிஞ்சிப்போய் உடம்பும் பூச்சோடு சேர்ந்து அடைபட்டுவிட்டது.

கிண்ணத்தின் உள்நடுவே வட்டமாகச் சிவப்புத் திட்டு தெரிந்தால், அங்கே இன்னொரு கலத்தின் பாதம் உட்கார்ந்திருந்தது. கிரேக்கர்கள் இடத்தை வீணாக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுட்டார்கள். பாதம் மூடிய இடத்தில் ஒடுக்க வாயு எட்டவில்லை. அருங்காட்சியக விளக்கப் பலகைகள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வதில்லை. எனக்கென்னவோ நடுவே வரைந்த ஓவியத்தைவிட இந்த வளையம் பட்டறையைப் பற்றி அதிகம் சொல்வதாகப் படும்.

சூளைக்கு முன்பே வரும் கேடுகளும் உண்டு. பெரிய கலங்களைக் கழுத்து, உடல், பாதம் என்று தனித்தனியே வனைந்து, பாதி காய்ந்த பதத்தில் குழம்பு தடவி ஒட்டுவார்கள். கைப்பிடி கடைசியாகச் சேரும். ஒட்டும் இரு பாகங்களின் ஈரம் ஒத்துப்போகாவிட்டால் ஒன்று அதிகம் சுருங்கும், இணைப்பில் விரிசல் விழும்.

இவ்வளவு ஆபத்துள்ள தொழிலில் பயம் இல்லாமல் இருக்குமா? சூளைக்கென்றே உள்ள ஒரு பழைய கிரேக்கப் பாட்டில் கெடுக்கும் பூதங்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள்: சிந்திரிப்ஸ், ஸ்மராகோஸ், அஸ்பெதோஸ், சபாக்தீஸ், ஓமோதாமோஸ். நொறுக்குபவன், வெடிக்க வைப்பவன், அணையாதவன் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூளைக் கோளாறு. பாடியவருக்குக் கூலி கொடுக்காமல் ஏமாற்றும் குயவருக்கு இவற்றை ஏவிவிடுவதாக மிரட்டல். மியூனிக் அருங்காட்சியகத்திலுள்ள ஒரு நீர்க்குடத்தில் பட்டறைக் காட்சியே வரைந்திருக்கிறார்கள், அதில் சூளையின்மேல் கண்ணேறு கழிக்கும் முகம் ஒன்று ஒட்டியிருக்கிறது. நம் ஊர்க் கட்டடங்களில் தொங்கும் பூசணிக்காய் முகத்துக்கு அண்ணன்.

கருவுருவமும் செவ்வுருவமும்

உருவம் கருப்பாகவும் பின்னணி மண்ணின் சிவப்பாகவும் இருந்தால் அது கருவுருவப் பாணி. உருவம் சிவப்பாகவும் பின்னணி கருப்பாகவும் இருந்தால் செவ்வுருவப் பாணி. இரண்டுக்கும் மண்ணும் சூளையும் ஒன்றே. எந்த இடத்தில் குழம்பைத் தடவினார்கள் என்பதுதான் வேறுபாடு. செவ்வுருவத்தில் உருவத்தைச் சிவப்பால் யாரும் வரையவில்லை. சுற்றிலும் பூசிவிட்டு உருவத்தை வெறுமனே விட்டுவைத்தார்கள்.

கருவுருவ முறை கி.மு. 700 வாக்கில் கொரிந்தில் தோன்றி, அங்கிருந்து ஏதென்ஸுக்கு வந்தது. நிழலுருவாகக் குழம்பைப் பூசி, காய்ந்தபின் கூர்முனையால் கீறுவார்கள். கீறலில் பூச்சு விலகி அடிமண் தெரியும். தசை, தலைமுடி, உடைமடிப்பு எல்லாம் இந்தக் கீறல்தான்.

இதன் உச்சத்தைக் காண வத்திக்கானில் இருக்கும், எக்ஸேகியாஸ் என்ற கலைஞரின் ஜாடி போதும், காலம் கி.மு. 540–530, உயரம் 61 சென்டிமீட்டர். டிராய் போரின் இரு பெரும் வீரர்கள், அகிலீஸும் ஏஜாக்ஸும், ஈட்டியைக் கையிலிருந்து விடாமலே ஒரு பலகைமேல் குனிந்து காய் உருட்டுகிறார்கள். அகிலீஸ் வாயருகே "நான்கு", ஏஜாக்ஸ் வாயருகே "மூன்று" என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. அகிலீஸ் தலைக்கவசத்தோடு, ஏஜாக்ஸ் கவசத்தைப் பின்னால் கழற்றி வைத்துவிட்டு. யார் ஜெயிக்கிறார் என்று எண்ணே சொல்லிவிடுகிறது. இருவரின் மேலாடையிலும் உள்ள பூவேலையும் நட்சத்திரங்களும் ஒவ்வொன்றாகக் கீறியவை. ஒரு கீறல் தவறினால் அழிக்க வழியில்லை. கீறியவருக்குப் பூச்சும் மண்ணும் கிட்டத்தட்ட ஒரே நிறமாகத் தெரிந்திருக்கும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். வனைந்ததும் வரைந்ததும் தானே என்று எக்ஸேகியாஸ் அதில் எழுதியிருக்கிறார்.

கீறலில் ஒரு குறை, கோட்டின் தடிமனை ஏற்றி இறக்க முடியாது, உடம்பு திரும்புவதைக் காட்டுவது கடினம். கி.மு. 530–520 வாக்கில் ஏதென்ஸில் யாரோ முறையைத் தலைகீழாக்கினார். தொடக்ககாலச் செவ்வுருவக் கலங்கள் பலவற்றுக்கு உரியவரை ஆண்டோகிடீஸ் ஓவியர் என்கிறார்கள். சொந்தப் பெயர் தெரியாததால் அவர் வேலை பார்த்த குயவரின் பெயர். மியூனிக்கில் உள்ள ஜாடி ஒன்றில், கட்டிலில் சாய்ந்திருக்கும் ஹெராக்ளிஸும் எதிரே நிற்கும் அதீனா தேவியும் ஒரு பக்கம் கருவுருவத்திலும் மறுபக்கம் செவ்வுருவத்திலும் இருக்கிறார்கள். இரு பாணிக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்பவருக்கு அந்த ஒரு ஜாடியைக் காட்டினால் போதும்.

செவ்வுருவத்தில் வேலை நடந்த வரிசை இது. முதலில் மழுங்கிய குச்சியாலோ கரியாலோ முன்வரைவு. கரி சூளையில் எரிந்துவிடும், குச்சியின் பள்ளம் மட்டும் மிஞ்சும், சாய்ந்த வெளிச்சத்தில் இன்றும் தெரியும். பிறகு உருவத்தைச் சுற்றிச் சுமார் 3 மில்லிமீட்டர் அகலத்தில் குழம்புப் பட்டை, பின்னணி பூசுபவரின் தூரிகை உள்ளே வழுக்காமல் இருக்க. அடுத்து உள்கோடுகள். கெட்டிக் குழம்பில் இழுத்த கோடு சுட்டபின்னும் மேடாக நிற்கும், விரலால் உணரலாம். அதை எதனால் இழுத்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே ஒற்றை முடியா, நுண்குழல் முனையா என்று வழக்கு இன்னும் முடியவில்லை. குழம்பை நீர்க்கக் கலந்தால் சுட்டபின் தேன் நிறமாக வரும், வயிற்றுத் தசைக்கும் இளம் தாடிக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். கருப்பு, மேட்டுக் கருப்பு, தேன்பழுப்பு மூன்றும் ஒரே கிண்ணத்திலிருந்து, கெட்டித்தன்மை மட்டும் வேறு.

புதிய முறை கைக்கு வந்ததும் போட்டி தொடங்கிவிட்டது. யூதிமிடீஸ் என்ற ஓவியர், குடித்து ஆடும் மூவரை வரைந்து, அதில் ஒருவனை முதுகைத் திருப்பி முறுக்கி நிறுத்தி, பக்கத்தில் "யூஃப்ரோனியோஸால் ஒருபோதும் முடியாதபடி" என்று எழுதினார். அந்த யூஃப்ரோனியோஸ் சாதாரண ஆள் இல்லை. தலைமைக் கடவுள் ஸ்யூஸின் மகன் சர்பீடன் டிராய்ப் போரில் விழுந்ததும், உறக்கமும் மரணமும் இரு சிறகுள்ள வீரர்களாக வந்து உடலைத் தூக்க, தூதுக் கடவுள் ஹெர்மீஸ் மேற்பார்க்கும் காட்சியை மது கலக்கும் கலம் ஒன்றில் வரைந்தவர், கி.மு. 515 வாக்கில். கல்லறைத் திருடர்கள் தோண்டி எடுத்த அந்தக் கலத்தை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 1972இல் சுமார் பத்து லட்சம் டாலருக்கு வாங்கி, 2008இல் இத்தாலிக்குத் திருப்பித் தந்தது.

வெள்ளையும் ஊதாச் சிவப்பும்

இவை மட்டும் வேறு பொருள். இரும்பில்லாத வெண்களிமண், வெள்ளைக்கு. செங்காவியைக் குழம்பில் கலந்தால் ஊதாச் சிவப்பு. கருவுருவத்தில் பெண்களின் தோல் வெள்ளையாக இருப்பது வழக்கம். ஆனால் இந்தப் பூச்சுகள் கருப்புபோல் அடைபடுவதில்லை, எளிதில் உதிர்ந்துவிடும். முகம் மட்டும் காணாமல்போன பெண்களைக் கலங்களில் பார்த்தால், திட்டமிட்ட அழிவு என்று கதை கட்ட வேண்டாம், வெள்ளை உதிர்ந்திருக்கிறது. கல்லறைக்கான வெண்தளத் தைலக் குப்பிகளில் நீலம், பச்சை போன்றவை சுட்டபின் தடவியவை, அவை இன்னும் சீக்கிரம் போய்விடும். அக்குப்பிகள் சிலவற்றின் கழுத்துக்குள் சிறு கிண்ணம் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் தைலம் ஊற்றினாலே நிறைந்ததுபோல் தெரிய. இறந்தவரிடமும் சிக்கனம்.

எட்ருஸ்கன் என்ற குழப்பம்

நன்றாக நிலைத்த ஏதென்ஸ் கலங்களில் பெரும்பகுதி ஏதென்ஸில் கிடைக்கவில்லை. ஏற்றுமதியாகி, இத்தாலியின் எட்ருஸ்கன் மக்களின் கல்லறைகளில் முழுசாகக் கிடைத்தன. அதனால் 18ஆம் நூற்றாண்டில் இவற்றை எட்ருஸ்கன் கலங்கள் என்றே நம்பினார்கள். ஜோசையா வெட்ஜ்வுட் 1769இல் இங்கிலாந்தில் திறந்த பீங்கான் ஆலைக்கு எட்ரூரியா என்று பெயர் வைத்தது அந்த நம்பிக்கையில்தான். கலத்தின்மேல் உள்ள எழுத்து கிரேக்கம், மண் அட்டிகா. கிடைத்த இடத்தை வைத்துச் செய்த இடத்தை முடிவுசெய்வது தொல்லியலில் பழைய, இன்னும் தீராத தவறு.

கீழடிக் கருப்பு-சிவப்பும் இதுவும் ஒன்றா?

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கீழடி, ஆதிச்சநல்லூர் என்று நம் அகழாய்வுகள் பலவற்றில் கருப்பு-சிவப்புக் கலங்கள் குவியலாகக் கிடைக்கின்றன. நிறங்கள் ஒன்று, வழி வேறு. நம் கலங்களில் உட்புறமும் வாய்ப்பகுதியும் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், கலத்தைக் கவிழ்த்துவைத்துச் சுட்டார்கள் என்பது. காற்று எட்டாத உட்புறம் கரியேறிக் கருத்தது, நெருப்பும் காற்றும் பட்ட வெளிப்புறம் சிவந்தது. இங்கே காற்றைத் தடுத்தது கலம் கிடந்த நிலை. ஏதென்ஸில் தடுத்தது அடைபட்ட பூச்சு. அதனால்தான் நம் கலங்களில் கருப்பும் சிவப்பும் சந்திக்கும் இடம் மெல்லக் கலங்கி இறங்குகிறது, ஏதென்ஸ் கலத்தில் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்தது என்று சொல்ல இடமே இல்லை.

உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டுக்குப் போக வேண்டும். 1945இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ நகரப் பட்டறை முத்திரைகள் உள்ள சிவப்புக் கலத் துண்டுகள் கிடைத்தன. அரெட்டைன் கலங்கள் என்பார்கள். அவற்றின் மேலுள்ள பளபளப்பும் இதே நுண்மண் குழம்புதான். கிரேக்க வழியில் வந்த கருப்புக் கலங்களைச் செய்துகொண்டிருந்த அரெஸ்ஸோ பட்டறைகள், கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில் சிவப்புக்கு மாறின. புதிய சாயம் எதுவும் வாங்கவில்லை. சூளையின் காற்றை அடைக்காமல் விட்டார்கள், பூச்சு சிவந்த நிலையிலேயே உருகி இறுகியது.

அதே அரிக்கமேட்டில் கிடைத்த இன்னொரு வகை, உள்தரையில் வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடு பதித்த தட்டுகள். இவற்றையும் மத்தியதரைக் கடல் பகுதியோடு வீலர் இணைத்தார். பிற்கால மண் ஆய்வுகள் அவை இந்தியாவிலேயே செய்தவை என்று காட்டின. அழகன்குளத்திலும், இலங்கையின் அனுராதபுரத்திலும், பாலித் தீவிலும்கூட அவை கிடைக்கின்றன. அவற்றிலும் நுண்மண் பூச்சு உண்டு, மினுக்கும் உண்டு. ஆனால் உடைந்த விளிம்பைப் பாருங்கள்: ஏதென்ஸ் ஓட்டின் உள்மண் ஆரஞ்சு, இதன் உள்மண் பெரும்பாலும் சாம்பல். காற்றை அடைத்த குயவர் கடைசியில் அதைத் திறக்கவில்லை.